வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகளில் ஒரு பளிச் போர்வை

கொலுவுக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, புதுமனை புகுவிழாவுக்கு ஒன்று என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் பல வீட்டு பீரோக்களில் ஓர் அடுக்கு நிறையக் கிடக்கும். புடவைக்குப் பொருந்தாதவை, அளவு போதாதவை, யாருக்காவது திருப்பி வைத்துக் கொடுக்கலாம் என்று ஒதுக்கியவை. ஒட்டுப் போர்வை தைக்க இதைவிட நல்ல சேமிப்பு கிடையாது. சிறு துண்டு, அதிக நிறம், பெரும்பாலும் பூவேலை இல்லாத வெற்றுத் துணி. ஒரே சிக்கல், இந்த அடுக்கில் பத்து விதத் துணி கலந்திருக்கும். நிறத்தைப் பார்த்து அடுக்கத் தோன்றும். ஆனால் போர்வை நிலைப்பதும் குலைவதும் துணியின் ஜாதியைப் பொறுத்தது. முதலில் துணியைப் பிரிக்க வேண்டும், நிறம் அதற்கு அப்புறம்தான்.

இங்கே சொல்லும் அளவுகள் ஒற்றைக் கட்டிலுக்கானவை. முடிந்த அளவு 61 அங்குல அகலம், 88½ அங்குல நீளம். 6 அங்குலமாக வெட்டிய சதுரம், தையல் போக 5½ அங்குலம் நிற்கும். குறுக்கே 11, நீளவாக்கில் 16, மொத்தம் 176 சதுரம்.

துணியைப் பிரித்தல்

ரவிக்கைத் துணியை, அதாவது பிட்டைப் பிரித்ததும் விலைச்சீட்டைக் கோத்திருக்கும் ஸ்டேப்ளர் கம்பியையும் குண்டூசியையும் எடுத்துவிடுங்கள். பல வருடம் கிடந்த பிட்டில் அந்த இடத்தில் துரு ஏறியிருக்கும். துருப்பிடித்த நூல் கறையோடு நிற்காது, அங்கேயே இற்றும் போகும். அந்தப் பகுதியைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். மடிப்புக் கோடுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் அந்தக் கோடு சதுரத்தின் நடுவே வராதபடி வெட்டலாம். மஞ்சள் கறை பயப்படும் விஷயமில்லை. சோப்புப் பட்டதும் சிவக்கும், ஈரத்தோடு வெயிலில் போட்டால் மெல்ல வெளிறிவிடும். குங்குமம் அப்படியில்லை. அதில் செயற்கைச் சாயம் இருந்தால் போகாது, அந்தச் சதுரத்தைக் கழித்துவிடுவதே மேல்.

அடுத்து வலு. ஓரத்தில் கால் அங்குலம் கத்தரித்து, இரு கையாலும் பிடித்து இழுங்கள். நல்ல பருத்தி சரக்கென்ற ஓசையோடு, கொஞ்சம் எதிர்த்துக் கிழியும். நைந்த துணி சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும். பாவு (நீளவாக்கு நூல்) வழியும் ஊடை (குறுக்கு நூல்) வழியும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சில பழைய துணி ஒரு பக்கம் மட்டும் இற்றிருக்கும். பளபளவென்று அழகாக இருக்கிறதே என்று இற்ற துணியை ஒரு சதுரம் சேர்த்தாலும், இரண்டாம் வருடம் ஓட்டை விழுவது அங்கேதான்.

பிறகு நெருப்புச் சோதனை. ஓரத்திலிருந்து ஓர் அங்குல நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து தொட்டதும் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டிக் கரு மணியாக நிற்கும். கலப்புத் துணி எரியவும் செய்யும், நுனியில் நெருடலான முடிச்சையும் விடும். கடையில் ரூபியா என்று ஒரே பெயரில் விற்பதில் இந்த மூன்றும் உண்டு. பாவிலும் ஊடையிலும் இரட்டை முறுக்கு நூல் ஓடும் பருத்தி டூ பை டூ ரூபியாதான் நமக்கு வேண்டியது. கலப்பு ரூபியா பார்வைக்கும் தொடுவதற்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், ஏமாந்துவிடலாம்.

ஏன் இவ்வளவு கறார்? பருத்தி சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். பாலியெஸ்டர் சுருங்காது. பக்கத்துப் பக்கத்தில் தைத்தால் சுருங்காத சதுரம் கொப்பளித்து நிற்கும். பருத்திக்கு வேண்டிய இஸ்திரிச் சூட்டில் பாலியெஸ்டர் பளபளத்து உருகும். அதனால் மூன்று குவியல் போடுங்கள். பருத்தி ரூபியா, பாப்ளின், மெல்லிய கைத்தறி, சுங்குடி எல்லாம் முதல் குவியல். கலப்பும் பாலியெஸ்டரும் இரண்டாவது. அவற்றைச் சேர்த்துத் தனியாக ஒரு போர்வை தைக்கலாம், வியர்வையை உறிஞ்சாது, அவ்வளவுதான். சாட்டின், ஜரிகை, ப்ரோகேட் மூன்றாவது. அவை மெத்தை உறைக்கும் பைக்கும் ஆகும், போர்வைக்கு வேண்டாம். ஜரிகை சருமத்தை உரசும், அதன் வெட்டு விளிம்பு பிரிந்துகொண்டே போகும்.

சாயம்

சாயம் போகும் பிட் ஒன்று போதும், மற்ற நூற்று எழுபதையும் கெடுக்க. முதல் குவியலில் ஒவ்வொரு பிட்டின் ஓரத்திலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, வெள்ளை டம்ளரில் சோப்புக் கலந்த சுடுதண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு வெள்ளை மல் துணியில் வைத்து ஈரத்தோடு இஸ்திரி போட்டு அழுத்துங்கள். தண்ணீரில் லேசாக நிறம் தெரிந்தாலும் மல்லில் கறை படியவில்லை என்றால் பரவாயில்லை, அது மேலே தங்கிய உபரிச் சாயம். மல்லில் படிந்தால் முழுப் பிட்டையும் தனியாக நனைத்துத் துவைத்து மறுபடி சோதியுங்கள். நான்கு சலவைக்குப் பிறகும் படிந்தால் அது இந்தப் போர்வைக்கு இல்லை. அரக்கு, மிளகாய்ச் சிவப்பு, கருநீலம், ராமர் பச்சை ஆகியவற்றைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். சுங்குடியிலும் அடர் நிறமாக இருந்தால் சோதிக்காமல் விடக்கூடாது.

கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. சாயத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் ஏற்ற உப்பு உதவும், உண்மைதான். சாயமேறி முடிந்து கடைக்கு வந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்துவைக்காது. அலசி வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை.

சோதனையில் தேறியதை எல்லாம், நிறக் குழுவாரியாக, சுடுதண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும்.

கஞ்சி, வெட்டு

ரூபியா மெல்லியது. சும்மா வெட்டினால் கத்தரிக்கோலுக்கு முன்னால் நழுவும், மெஷினில் பல்லுக்குள் இழுபடும். இதற்குக் கஞ்சிதான் மருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி போட்டு, கண்ணாடிபோல் வேகும்வரை காய்ச்சி, வடிகட்டி, அதே அளவு தண்ணீர் சேர்த்து நனைத்துப் பிழியுங்கள். முக்கால் ஈரம் காய்ந்ததும் இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். கட்டி தட்டிய கஞ்சியை வடிகட்டாமல் விட்டால் இஸ்திரிப் பெட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டி, அடுத்த துணியில் கறை விடும்.

கடைக்காரர் கிழித்தோ வெட்டியோ கொடுத்த ஓரத்தை நம்பக்கூடாது. ஒரு ஊடை நூலை முழு அகலத்துக்கும் உருவி, அந்தக் கோட்டில் வெட்டினால்தான் நேர். கோணலான துணியில் வெட்டிய சதுரம் வெட்டும்போது சதுரமாகத் தெரியும், துவைத்தபின் சாய்சதுரமாகும். கரையையும் நீக்கிவிடுங்கள். அது மற்ற பகுதியைவிட இறுக்கமாக நெய்யப்பட்டிருக்கும், தையலுக்குள் போனால் அந்த ஓரம் மட்டும் சுருக்கம் தட்டும்.

80 செ.மீ. பிட் துவைத்தபின் ஏறக்குறைய 30½ அங்குலம் நிற்கும். 36 அங்குல அகலத்தில் கரை போக 35. இதில் 6 அங்குலச் சதுரம் ஐந்துக்கு ஐந்து, 25 கிடைக்கும். அதையே 6½ அங்குலமாக வெட்ட நினைத்தால் நீளத்தில் நான்குதான் தேறும், 20 சதுரத்தோடு முடிந்துவிடும். இந்தப் போர்வைக்கு 6 அங்குலம் எடுத்ததற்குக் காரணம் இதுதான். 44 அங்குல அகலப் பிட்டாக இருந்தால் 35 சதுரம்.

வார்ப்புருவை அட்டையில் செய்யாதீர்கள். ஐம்பது முறை சாக்பீஸ் உரசியதும் அட்டையின் ஓரம் தேய்ந்து, கடைசிச் சதுரம் முதல் சதுரத்தைவிட நூலிழை சிறுத்துவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 6 அங்குலச் சதுரம் வெட்டிக்கொண்டால் துல்லியம் போகாது. துணியின் உள்விவரமும் அதன் வழியே தெரிவதால் கறையையும் மடிப்பையும் தவிர்த்து வைக்கலாம். ரோட்டரி கட்டரும் (உருட்டி வெட்டும் சக்கரக் கத்தி) அதற்கான வெட்டு விரிப்பும் இருப்பவர்கள் நான்கு மடிப்புக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம், அடியிலிருக்கும் மடிப்பு நகரும்.

நிறம்

எல்லாம் பளிச் நிறமாகச் சேர்த்தால் போர்வை பளிச்சென்று இருக்கும் என்பது தப்புக் கணக்கு. வாடாமல்லி, ராணி, கிளிப்பச்சை, ஆனந்தா நீலம் நான்கையும் அடுத்தடுத்து வைத்தால் நான்கும் ஒன்றையொன்று அமுக்கி, தள்ளி நின்று பார்க்கும்போது ஒரே கலங்கலாகத் தெரியும். நிறம் எடுப்பது நிறத்தால் அல்ல, வெளிர்வு அடர்வு வித்தியாசத்தால். மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் அரக்கு, எலுமிச்சைக்குப் பக்கத்தில் எம்.எஸ். நீலம், சந்தனத்துக்குப் பக்கத்தில் மயில்கழுத்து என்று வைத்தால் இரண்டும் துள்ளும்.

கண் இதில் ஏமாறும், குறிப்பாகச் சிவப்பிலும் பச்சையிலும். பிட்டுகளை வரிசையாக அடுக்கிக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சாம்பலாகத் தெரியும் படத்தில் எது வெளிர், எது அடர் என்று சந்தேகமில்லாமல் பிரியும். கனகாம்பரமும் ராமர் பச்சையும் நேரில் எதிரெதிர், கறுப்பு வெள்ளையில் பல சமயம் ஒரே சாம்பல். அவற்றைத் தொட்டு வைத்தால் கோடு கரைந்துபோகும்.

மிக எளிய அமைப்பு சதுரங்கக் கட்டம், ஒன்று விட்டு ஒன்று வெளிர், அடர். 176-இல் 88 வெளிர், 88 அடர். 11 வெளிர் பிட், 11 அடர் பிட், ஒவ்வொன்றிலும் 8 சதுரம் என்றால் கணக்கு கச்சிதம். பிட்டின் 12 அங்குலத்தை வெட்டினால் 10 சதுரம் வரும், இரண்டு உபரி. ரவிக்கைத் துணியில் வெளிர் நிறம் எப்போதும் பற்றாக்குறைதான். சந்தனம், பிஸ்தா, எலுமிச்சை, வெளிர் ரோஸ் என்று நான்கே இருந்தாலும் கவலையில்லை, முழுப் பிட்டுகளாக வெட்டினால் 100 சதுரம். வெளிரில் நிறம் குறைவாகவும் அடரில் நிறம் கூடுதலாகவும் இருப்பதுதான் உண்மையில் பார்க்க நன்றாக இருக்கிறது. வெளிர் நிறங்கள் ஒரே பின்னணிபோல் இழைந்து, அடர் நிறங்களுக்கு இடம் விடும். இரண்டு மூன்று மங்கல் நிறம், வெந்தயமோ காபிப்பொடியோ, கட்டாயம் இருக்கட்டும். மங்கல் இல்லாத இடத்தில் பளிச்சுக்கு மதிப்பில்லை.

தரையில் முழுவதையும் பரப்பி, ஒரே நிறம் மூலைக்கு மூலை தொடாமல் மாற்றி வையுங்கள். முடிந்ததும் வரிசையை வலமிருந்து இடமாகச் சேகரித்து, முதல் சதுரத்தில் வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் குத்திவிடுங்கள். மின்விசிறி போடுவதற்கு முன்பே.

இணைப்புத் தையல்

மிதி மெஷினில் பெரும்பாலும் 16 நம்பர் ஊசி மாட்டியிருக்கும். ரூபியாவில் அது ஓட்டை போடும், நூலை இழுக்கும். 11 நம்பர் மாற்றிக்கொள்ளுங்கள். தையல் நீளம் 2 முதல் 2½ மி.மீ. இதைவிடச் சிறிதாக வைத்தால் பிழை வந்தால் பிரிக்க முடியாது.

தையலுக்கு விடுவது எல்லாப் பக்கமும் கால் அங்குலம். பாதத்தின் ஓரத்தை அளவாக நம்பாதீர்கள், மெஷினுக்கு மெஷின் மாறும். கோடு போட்ட வரைபடத் தாளைப் பாதத்துக்கு அடியில் வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலக் கோட்டில் ஊசியை இறக்கி, தாளின் ஓரத்தையொட்டி மெஷின் தகட்டில் மருத்துவப் பிளாஸ்திரியை நான்கு ஐந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி அந்தச் சுவரில் உரசிக்கொண்டே போகும். மடித்து அழுத்தும்போது மடிப்பே ஓரிரு நூலளவு தின்னும் என்பதால், கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக இருப்பது சரி.

இது அளவுக்கு மீறிய நுணுக்கமாகத் தோன்றலாம். ஒரு தையலில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால் இரு பக்கமும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகும். ஒரு வரிசையில் 10 இணைப்பு, 1¼ அங்குலம் காணாமல் போய்விடும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது. ஒவ்வொரு வரிசையும் 61 அங்குலம் இருக்கிறதா என்று அளந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

சதுரங்களை இரண்டிரண்டாக, நூலை அறுக்காமல் தொடர்ச்சியாக விட்டுத் தைத்தால் நூலும் நேரமும் மிச்சம். தளர்வான கைத்தறியில் மட்டும் கால் அங்குலம் போதாது, பிசிறு தையல்வரை வந்துவிடும். அந்தச் சதுரத்தின் பின்பக்கம் வெட்டு விளிம்பில் ஓவர்லாக்கோ நெருக்கமான ஜிக்ஜாகோ ஓட்டிவிட்டுப் பிறகு இணையுங்கள்.

ஒற்றைப்படை வரிசைகளில் தையல் விளிம்புகளை எல்லாம் வலப்பக்கமும், இரட்டைப்படையில் இடப்பக்கமும் சாய்த்து அழுத்துங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த விளிம்புகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் பொருந்தி மூலை தானாகச் சேரும். பொதுவாக விளிம்பை அடர் பக்கம் தள்ளச் சொல்வார்கள். சதுரங்கக் கட்டத்தில் அப்படித் தள்ளினாலும் அடுத்தடுத்த வரிசைகளில் விளிம்பு தானே எதிரெதிராக அமைந்துவிடும் என்பது வசதி. இஸ்திரியை இழுக்காமல் வைத்து எடுங்கள்.

உள்ளும் அடியும்

நம் ஊர் வெயிலில், போர்வைக்கு உள்ளே வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குத்தான். மற்ற இடத்தில் பழைய பருத்திப் புடவையே போதும். மென்மை, துவைத்தால் சீக்கிரம் காயும், உருண்டு ஒரு மூலைக்குப் போகாது. 5½ மீட்டர் புடவையில் 95 அங்குலத்துக்கு இரண்டு நீளம் எடுத்து, ஜரிகைக் கரையை வெட்டி நீக்கி, அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தட்டையாக ஜிக்ஜாக் அடித்தால் ஓர் அடுக்கு. மடித்துத் தைத்தால் அங்கே வரம்பு தட்டும். இரண்டு புடவை, இரண்டு அடுக்கு. ஒன்றின் இணைப்பு இடப்பக்கமும் மற்றதன் இணைப்பு வலப்பக்கமும் வரட்டும்.

அடித்துணி எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக, 67-க்கு 95 வேண்டும். 60-க்கு 90 ஒற்றைப் படுக்கை விரிப்பு இதற்குப் போதாது, வாங்கிவிட்டு விழிக்க வேண்டாம். இரட்டை விரிப்பு சரி, அல்லது துவைத்த காடா துணியை இரண்டு அகலம் இணைக்கலாம். இதுவும் சுருங்கித் தீர்ந்ததாக இருக்க வேண்டும்.

தரையில் அடித்துணியைக் கவிழ்த்து, தொய்வில்லாமல் ஆனால் இழுபடாமல் டேப்பால் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் விட்டதும் சுருங்கி மேல்துணியில் கொசுவம் விழும். மேலே புடவை அடுக்குகள், அதன்மேல் சதுரத் துணி. நடுவிலிருந்து நான்கு திசைக்கும், உள்ளங்கை அகல இடைவெளியில், தற்காலிகமாக நீள ஓட்டுத் தையல் போடுங்கள். வெள்ளை நூல் மட்டும். அடர் நூலின் சாயம் தடம் விடும்.

பிணைப்பு

எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைப்பதுதான் பிணைப்பு. அதை மெஷினில் செய்வதானால் அடிப்பல் கீழ்த்துணியை இழுக்க, பாதம் மேல்துணியைத் தள்ள, கடைசியில் மேலே ஒரு மடிப்பு திரண்டு நிற்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் என்ற பாதம் இருந்தால் இது குறையும். ஊசி 14, தையல் நீளம் 3 மி.மீ. கோடு மூலைவிட்டமாக ஓடினால் பார்க்க அழகு, ஆனால் அது துணியின் கிராஸ் திசை, இழுபடும். பழக்கமில்லாதவர்கள் இணைப்புக்கு இணையாக நேர்கோட்டில் போவதே நல்லது.

கையால் செய்வது இந்தத் துணிக்கு இன்னும் பொருத்தம். ரூபியாவும் புடவையும் ஊசிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, விளிம்பு சாயாத பக்கத்தில் ஓட்டுத் தையல் போடுங்கள். விளிம்புள்ள பக்கம் இரண்டு அடுக்குக் கூடுதல், ஊசி திணறும். வரிசைக்கு வரிசை விளிம்பு திசை மாறுவதால் நெடுக்குக் கோடும் ஒவ்வொரு சதுரத்திலும் இடம் மாறும். அப்படி வேண்டாமென்றால் கோட்டை நேராகவே விட்டு, தடித்த சதுரத்தில் ஊசியைக் குத்திக் குத்தி எடுங்கள். குறுக்குக் கோடுகளில் இந்தத் தொல்லை இல்லை.

நூல் கணக்கு: நெடுக்கே 10 கோடு, குறுக்கே 15 கோடு, மொத்தம் சுமார் 46 மீட்டர். தையல் தின்பதையும் முடிச்சையும் சேர்த்து 60 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். எம்பிராய்டரி நூல்கண்டு 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டில் 24 மீட்டர். மூன்று கண்டு போதும், நான்காக வாங்கினால் நிம்மதி. அடர் நிற நூலை முதலிலேயே நனைத்துச் சாயம் பாருங்கள்.

ஓரப்பட்டி

சுற்றளவு 299 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 311. 2½ அங்குலப் பட்டி, 35 அங்குல அகலத்தில் வெட்டிச் சாய்வாக இணைத்தால் ஒவ்வொன்றும் 32½ தரும். பத்துப் பட்டி, அதாவது பிட்டின் 25 அங்குலம். ஒரே ஒரு அடர் ரவிக்கைத் துணியில் முழு ஓரமும் முடிந்துவிடும். அரக்கோ கருநீலமோ ஒதுக்கி வையுங்கள். பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டு விளிம்பை முன்பக்க ஓரத்தோடு சேர்த்துக் கால் அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்யுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்னதாகவே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கி மடித்து, திரும்பக் கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை கூராக வரும். பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் சுருங்கிப் போர்வை கிண்ணமாகும். போர்வையின் ஓரம் இழுபட்டால் அலையடிக்கும்.

முதல் சலவை

கஞ்சியோடு பீரோவில் வைக்காதீர்கள், கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் தேடி வரும். முடித்த கையோடு துவைத்துவிடுங்கள். தண்ணீர் தாராளமாக, துணி நீந்தும் அளவுக்கு. எவ்வளவு சோதித்தாலும் எங்கோ ஒரு சிவப்பு சந்தனத்தில் இறங்கியிருக்கலாம். அப்போது செய்யக்கூடாதது உலர்த்துவது. ஈரம் காயாமல், கை பொறுக்கும் சூட்டில் நிறையத் தண்ணீரும் திரவச் சோப்பும் விட்டு, முழுப் போர்வையும் மூழ்கும்படி இரவு முழுக்க ஊறவையுங்கள். சோப்பு கழன்ற சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்கவைத்து, மறுபடி துணியில் படியவிடாது. தண்ணீர் தெளியும்வரை திரும்பச் செய்யலாம். நனைந்த போர்வை கனக்கும். ஒரே கொடியில் தொங்கவிட்டால் தையல் விரியும், இரண்டு கொடியில் பரப்பி, உட்பக்கம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள்.

மிஞ்சிய நாடாத் துண்டுகளையும் கோணல் துண்டுகளையும் சதுரமாக்க மெனக்கெட வேண்டாம். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை முறை இதற்கென்றே அமைந்தது. பழைய புடவையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, துண்டின் விளிம்பை விரலால் மடித்து வைத்து, ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இணைப்பு, பிணைப்பு இரண்டும் ஒரே தையலில் முடிந்துவிடும். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாகச் சேர்ப்பார்கள். அளவுகோல் தேவையில்லை. துண்டு ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் அரை அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. குறைந்தால் மடித்த விளிம்பு ஒரு வருடத்தில் நழுவி வெளியே வரும்.